கார் டின்னில் மிஞ்சிய ஒரு லிட்டர்

பெயர்: இத்துடன் கொடுத்திருக்கும் அடையாள அட்டை நகலில் உள்ளபடி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். கடைத்தெருவில் ஆயிலக்கா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வயது: நாற்பத்தேழு. தொழில்: இரு சக்கர வாகனப் பட்டறையில் பங்குதாரர். எழுத்தர் அம்மா முதலில் 'மெக்கானிக்கின் மனைவி' என்று எழுதினார். அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொன்னேன், மாற்றினார். முகவரி: பேருந்து நிலையத்தின் பின்புறச் சாலையில் டயர் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் உள்ள பட்டறை, மாடி வீடு. என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பவில்லை. போகாதீங்க என்று கையைப் பிடித்துக் கெஞ்சிய கொழுந்தனையும் மீறி நானாக வந்து சொல்வதாவது:

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை மலைப்பாதையில் கேப்டன் என்பவர் ஓட்டிப் போன பெரிய பைக் விழுந்ததில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த புகைப்படக்காரரின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் பட்டறையில் தவறான எஞ்சின் ஆயில் ஊற்றியதுதான் காரணம் என்று கேப்டன் புகார் கொடுத்திருக்கிறார். ஆமாம், நான்தான் ஊற்றினேன், தவறு என்னுடையது என்று என் வீட்டுக்காரர் நேற்று மாலையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தை வைத்து அவரை நாளை நீதிமன்றத்தில் நிறுத்தப் போவதாகவும், பட்டறையைப் பூட்டி முத்திரை வைக்கப் போவதாகவும் ஆய்வாளர் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்தது சுத்தப் பொய். அதைச் சொல்லி அவரை வெளியே கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன்.

பட்டறையில் யார் என்ன வேலை செய்வது என்று எழுத்தர் அம்மா கேட்டார். ஸ்பேனர் அவர் கையில், ஆயில் என் கையில். கல்யாணமான புதிதில் அவர் வருகிற வண்டிக்கெல்லாம் கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மெக்கானிக், அதில் குறை சொல்ல மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பார். ஆனால் டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவார். அதனால் நான் படித்தேன். அதன் பிறகு எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று நான் எடுத்து அவர் கையில் கொடுப்பது என்றும், நான் கொடுக்காத ஆயிலை அவர் தொடுவதில்லை என்றும் ஆகிவிட்டது. ஆகவே எங்கள் பட்டறையில் தப்பான ஆயில் ஊற்றப்பட்டிருந்தால் பிடிக்க வேண்டியது என்னை. இதை நேற்றே வாசலில் நின்று கத்தினேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய பைக் வைத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வண்டி வாங்கத் தெரிகிறது, அதோடு கொடுத்த கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மட்டும் நேரம் இல்லை. எந்த ஆயில் ஊற்ற வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று வண்டியைச் செய்தவன் அதில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறான். இவர்கள் அதைப் படிக்காமல் கைப்பேசியில் யாரோ ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசுவதைப் பார்த்துவிட்டு வருவார்கள். எந்த ஆயில் போட்டால் சத்தம் கம்பீரமாக வரும் என்று ஒருவர் கேட்டார். சிவப்பு நிற ஆயில் வேண்டும், வண்டிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று இன்னொருவர் கேட்டார். உள்ளே ஊற்றி மூடிவிடுகிற ஆயில் சிவப்பாக இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டு அனுப்பினேன்.

கேப்டன் இவர்களுக்கெல்லாம் தலைவர். அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தது ராணுவமும் இல்லை, கப்பல் கம்பெனியும் இல்லை, அவரே வைத்துக்கொண்டது. குளியலறைக் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் இவரும் இன்னும் சிலரும் முதுகில் மின்னல் படம் போட்ட ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஊரையே எழுப்புகிற சத்தத்தோடு மலையடிவாரம் வரை போய், டீ குடித்து, கொஞ்ச தூரம் மேலே ஏறி, வண்டிமேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவார்கள். அதற்குச் சாகசப் பயணம் என்று பெயர். படம் எடுப்பதற்காகவே அந்தப் புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவரிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர்.

கேப்டனின் பைக் நான்கு சிலிண்டர், ஆயிரம் சிசி. பந்தயத் தடத்தில் ஓடுவதற்காகச் செய்த எஞ்சின், முழு வேகத்தில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அவ்வளவு சூட்டையும் சுழற்சியையும் தாங்க நல்ல ஆயில் கட்டாயம் வேண்டும். அப்படிப்பட்ட எஞ்சின் குழாய்க் கடைக்காரரிடம் வந்து சேர்ந்தது அதன் தலையெழுத்து. கடந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் அந்த வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து ஆயில் மாற்ற வேண்டும் என்றார். நான் அந்த வண்டிக்குரிய ஆயிலை எடுத்தேன். அது முழுச் செயற்கை ஆயில், கடை வழக்கில் பத்து நாற்பது என்போம், டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்கிற முத்திரை இருக்கும். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா இது, சாதா ஆயிலா இருக்கு? என் காருக்கு நான் போடறது என்னன்னு தெரியுமா? ரேஸ் கார்ல போடறது. தண்ணி மாதிரி பாயும். அதையே இதுக்கும் போட்டா என்ன?" என்றார்.

நான் அவருக்குப் பொறுமையாகத்தான் சொன்னேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு, அன்றைக்கு இருந்ததை எல்லாம் அவருக்கே செலவழித்தேன். காரில் எஞ்சின் ஆயிலுக்கு எஞ்சினைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வேலை, கிளட்ச் வெளியே தனியாகக் காய்ந்து கிடக்கும். இந்த மாதிரி பைக்கில் அப்படி இல்லை. எஞ்சின், கியர், கிளட்ச் தட்டு மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயிலில் வழுக்கும் மருந்து கலந்திருப்பார்கள். அது கிளட்ச் தட்டில் பட்டால் தட்டு பிடிக்காது, வழுக்கும். எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திருகுவது போலத்தான், கை சுற்றும், மூடி சுற்றாது. இதை அப்படியே சொன்னேன்.

"நான் பார்த்த வீடியோவுல அப்படி எல்லாம் சொல்லலியே" என்றார்.

"அந்த வீடியோக்காரர் உங்க பின்னாடி உட்கார்ந்து வருவாரா?" என்று கேட்டேன்.

அதற்கு அவர், "சரி சரி, உங்க சரக்கு விக்கணும், எனக்குப் புரியுது. ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, டயர் கடை வாசலுக்குப் போய் நின்று கைப்பேசியில் யாரிடமோ சத்தமாகப் பேச ஆரம்பித்தார். அதன் பிறகு என் வீட்டுக்காரர் பழைய ஆயிலை இறக்கி, வடிகட்டியை மாற்றி, நான் கொடுத்த ஆயிலை ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். அதன் பிறகு வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், நான் குனிந்து பார்த்தேன். எஞ்சினின் வலது பக்கம் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், அதில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. கேப்டன் திரும்பி வந்து, வண்டிமேல் சாய்ந்து தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். நன்றி சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை, நாங்களும் எதிர்பார்ப்பதில்லை.

நேற்று மதியம் நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கொழுந்தன் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் அடுத்த தெருவில் டிவி, மிக்ஸி விற்கிற கடையில் வேலை செய்கிறார். கொஞ்சம் பயந்த சுபாவம், குடும்பத்துக்கே அது உண்டு.

"அண்ணி, கேப்டன் வண்டி மலையில விழுந்துடுச்சாம். போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிட்டுப் போயிடுச்சு" என்றார்.

நான் மேலே இருக்கிறேன், கீழே அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு குரல் கொடுக்கத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு. கையைத் துடைத்து, நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போய் ஜீப்பில் ஏறினாராம். யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார், அப்படிப்பட்ட பிறவி. நான் ஈரக் கையோடு இங்கே ஓடிவந்தேன். பார்க்க முடியாது, காலையில் வா என்று வாசல் காவலர் சொல்லிவிட்டார். உள்ளே போய் வந்த கொழுந்தன், அண்ணன் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார். ஆயில் எடுத்துக் கொடுத்தது நான் என்று வாசலிலேயே நின்று கத்தினேன்.

"விடுங்க அண்ணி. அண்ணனே ஒத்துக்கிட்டார். நாம மேல எதுவும் பேசினா பெரிய இடத்துப் பகை" என்று கொழுந்தன் சொன்னார். குழாய் விற்பவர் எப்போதிலிருந்து பெரிய இடம் ஆனார் என்று கேட்டேன்.

அதன் பிறகு நான் மருத்துவமனைக்குப் போய்ப் புகைப்படக்காரரைப் பார்த்தேன். இந்த வழக்கில் நான் மரியாதையோடு பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, என் கேமரா எங்கேன்னு யாராவது பார்த்தாங்களா?" என்றுதான் கேட்டார். கல்யாண வீடுகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே படம் எடுத்துப் பிழைக்கிறவர். இனி எப்போது நிற்பார் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை என்று அவர் மனைவி சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. விழுந்தது எப்படி என்று அவரிடம் கேட்டேன்.

"மேட்டுல ஒரு லாரியை முந்தப் போனார்க்கா. ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கினார். வண்டி காது கிழியக் கத்துச்சு, மீட்டர் முள்ளு எகிறிப் போய் நின்னுச்சு. ஆனா வண்டி நகரவே இல்லக்கா. லாரி பக்கத்துலயே நிக்கறோம், எதிர்ல பால் வண்டி வருது. ஓரத்துல திருப்பினார், ஓடையில விழுந்துட்டோம்" என்றார்.

எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆயில் மாற்றும்போதே அந்தக் கிளட்சையும் நாங்கள் சோதித்தோம், தட்டுகள் நன்றாக இருந்தன. நான் கொடுத்த ஆயிலில் அது வழுக்க வழியே இல்லை. வழியில் கேப்டன் எதையாவது ஊற்றினாரா என்று கேட்டேன். தான் மலையடிவாரம் வரை ஸ்கூட்டரில் போய், அங்கேதான் அவர் வண்டியில் ஏறியதாகவும், தனக்குத் தெரியாது என்றும் புகைப்படக்காரர் சொன்னார்.

இன்று காலை நான் நிலையத்துக்கு வந்தபோது ஆய்வாளர் அறையில் கேப்டன் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இடது கையில் ஒரு தொட்டில் கட்டு, மற்றபடி இஸ்திரி போட்ட சட்டை, செண்ட் வாசனை. பின்னால் உட்கார்ந்தவனுக்கு எலும்பு முறிந்தது, இவருக்குச் சட்டை கூடக் கசங்கவில்லை. எனக்கு நாற்காலி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரே ஒப்புக்கொண்ட பிறகு என்ன பேச்சு என்று ஆய்வாளர் கேட்டார்.

"என்ன ஆயில் ஊத்தினதா எழுதியிருக்கார் சார்?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "தவறான ஆயில்னு எழுதியிருக்கார்" என்றார்.

"அதுக்குப் பேரு கிடையாதா சார்? நல்லெண்ணெயா, மண்ணெண்ணெயா? கொலை செஞ்சேன்னு ஒருத்தர் வந்து நின்னா யாரைன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன். வாயை அடக்கிப் பேசு என்று ஆய்வாளர் சொன்னார். அப்போதுதான் கேப்டன் குறுக்கே விழுந்தார். அவர் சும்மா இருந்திருந்தால் நான் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன். ஆனால் அவருக்குச் சும்மா இருக்கிற பழக்கம் இல்லை, அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

"இவங்க பேச்சை நம்பாதீங்க சார். தப்பான ஆயில் மட்டும் இல்ல, அளவுலயும் திருட்டு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல ஸ்டாண்டு போட்டு நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தேன், உள்ள சுத்தமா ஆயிலே இல்ல! நல்ல வேளை, எனக்கு விஷயம் தெரியும். என் கார் சர்வீஸ்ல மிஞ்சின ரேஸ் ஆயில் டின்ல ஒரு லிட்டர் கிடந்துச்சு, அப்படியே ஊத்தினேன். நான் மட்டும் அதை ஊத்தலைன்னா எஞ்சினே வெடிச்சிருக்கும். நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கறதே அந்த ஆயிலாலதான்" என்றார்.

ஆய்வாளர் பாவம் என்பது போலத் தலையாட்டினார். எழுத்தர் அம்மா அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். அந்த அறையில் இருந்தவர்களில் அவர் என்ன சொன்னார் என்று புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான், சொன்னவருக்கும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. காவல் நிலையத்தில் சிரித்தது குற்றம் என்றால் அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு நான், வண்டி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டதன் பேரில் ஆய்வாளர் எல்லோரையும் பின்பக்க முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டி இடது பக்கம் முழுவதும் சிராய்த்து, ஹேண்டில் கோணிக்கொண்டு, பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. வலது பக்கம் கண்ணாடி உடையாமல் இருந்தது. ஆய்வாளர் உட்கார்ந்து அதில் பார்த்தார். கண்ணாடி காலியாக இருந்தது.

"பாருங்க சார், நான் ஒரு லிட்டர் ஊத்தியும் இப்படின்னா, இவங்க எவ்வளவு ஊத்தியிருப்பாங்க!" என்று கேப்டன் துள்ளினார். ஆய்வாளர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பியே விட்டார்.

நான், "சார், ரெண்டு பேர் வந்து வண்டியை நேரா நிமித்திப் பிடிக்கச் சொல்லுங்க" என்றேன். இரண்டு காவலர்கள் பிடித்து நிமிர்த்தினார்கள். கண்ணாடியில் ஆயில் ஏறியது, கீழ்க் கோட்டை மூடியது, மேல் கோட்டை மூடியது, கடைசியில் கண்ணாடி முழுவதும் நிறைந்து கோடே தெரியாமல் போனது. பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் அந்தப் பக்கம் போய்விடும், வலது கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பைக் ஓட்டப் பழகுகிற எவரும் முதலில் கற்றுக்கொள்கிற விஷயம் இது. மின்னல் ஜாக்கெட் போட்டவருக்கு இது தெரியாது. நிரம்பியிருந்த வண்டியைக் காலி என்று நினைத்து, வேண்டாம் என்று நான் படித்துப் படித்துச் சொன்ன அதே கார் ஆயிலை, மிச்சம் வீணாகப் போகக் கூடாது என்று அதன் தலையில் கொட்டியிருக்கிறார். மேட்டில் முழுச் சக்தியையும் கேட்டபோது கிளட்ச் வழுக்கிவிட்டது. இதை ஆய்வாளருக்கு இரண்டு முறை சொன்னேன், இரண்டாம் முறை புரிந்தது.

"அதெப்படி? ஆயில்னா எல்லாம் ஆயில்தானே!" என்றார் கேப்டன். வெள்ளிக்கிழமை எனக்கு ஆயில் வகைகளைப் பற்றிப் பாடம் நடத்திய அதே வாய் இது.

அதன் பிறகு ஆய்வாளர் ஒரு காவலரைக் கேப்டன் வீட்டுக்கு அனுப்பி அந்த டின்னை எடுத்துவரச் சொன்னார். வந்தது. ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். கார் எஞ்சின்களுக்கு மட்டும், ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு வண்டியிலிருந்து ஆயிலை இறக்கி முத்திரை வைத்துச் சோதனைக்கு அனுப்புவதாகவும், கேப்டனிடம் இன்றே தனியாக விசாரிப்பதாகவும் ஆய்வாளர் சொன்னார். கேப்டன் யாருக்கோ போன் போட்டார், எதிர்ப்பக்கம் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் என் வீட்டுக்காரரைப் பார்க்க விட்டார்கள். உள் வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது கிடக்கட்டும். எதுக்கு அப்படி எழுதிக் கொடுத்தீங்க? மிரட்டினாங்களா? அடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

யாரும் அடிக்கவில்லை என்றார். அந்த மட்டில் இந்த நிலையத்துக்கு நல்ல பெயர். பிறகு ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேட்டுல வண்டி கத்துச்சு, நகரலன்னு சொன்னாங்க. கிளட்ச் வழுக்கியிருக்குன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. கார் ஆயில் போயிருந்தாத்தானே அப்படி ஆகும்? வெள்ளிக்கிழமை உனக்குப் பல் வலி. கன்னம் எல்லாம் வீங்கி, பாதி கண்ணு மூடியிருந்துச்சு. டாக்சிக்காரங்களுக்குன்னு கீழ்த்தட்டுல கார் ஆயில் வெச்சிருக்கோமே, அதுலேர்ந்து மாத்தி எடுத்துக் கொடுத்துட்ட போலன்னு நினைச்சேன். நான் ஊத்துறப்ப டப்பாவைப் பார்க்கல, நீ கொடுத்தா நான் பார்க்கறது இல்லையே. அவங்க உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு... உன்னால இங்க எல்லாம் உட்கார முடியாதும்மா" என்றார்.

அந்தப் பல்லைச் சனிக்கிழமை பிடுங்கியாகிவிட்டது. வலி இருந்தது உண்மை, கண் வீங்கியிருந்தது உண்மை. எனக்கு ஒரு கண் முழுதாக இருந்தது, அது போதும். நான் எடுத்தது மேல்தட்டில், கொடுத்தது பத்து நாற்பது. எனக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராகி, அவசரமாகச் சட்டை மாற்றிக்கொண்டு, நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் ஜீப்பில் ஏறியிருக்கிறார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற காவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அது கோபத்தில் வந்த அழுகை என்று எழுதிக்கொள்ளும்படி எழுத்தர் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதினார்.

ஆகவே என் கணவர் எழுதிக் கொடுத்த ஒப்புதல் உண்மை இல்லை என்றும், அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்றும், அவரை விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். காகித வேலை முடிய மாலை ஆகிவிடும் என்று ஆய்வாளர் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை அவர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கட்டும். கேப்டன் ஒரு முட்டாள், அவரிடம் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இத்தனை வருடம் என் கையிலிருந்து ஆயில் வாங்கி ஊற்றிய மனிதர், ஒரு சொத்தைப் பல்லுக்காக நான் கீழ்த்தட்டுக்குக் கை நீட்டியிருப்பேன் என்று நம்பிவிட்டார். இதை நான் மன்னிப்பதாக இல்லை. மதியச் சாப்பாடு மட்டும் நானே கொண்டுவந்து கொடுப்பேன், பேச மாட்டேன்.

எழுத்தர் அம்மா இதை முதலிலிருந்து கடைசி வரை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எல்லாம் உண்மை. கணவரைப் பற்றிய கடைசி நான்கு வரி வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டார். வழக்கே அதுதான், இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஆயிலக்கா